போர்ஷே வாங்கணுமா? முதல்ல பேரிங்கைக் கேளுங்க!

மெக்கானிக்கல் மூணாவது வருஷத்துல ‘டிசைன் ஆஃப் மெஷின் எலிமென்ட்ஸ்’னு ஒரு பேப்பர் உண்டு. அதுல பேரிங் சாப்டர் ஆரம்பிச்சா கடைசி பெஞ்ச் மொத்தமும் தூங்கிடும். நான் மூணாவது பெஞ்ச். ஆனாலும் தூங்குவேன்! போன வருஷம் ஆகஸ்ட்ல ஒரு ராத்திரி, பெரியம்மா பையன் டல்லாஸ்லேர்ந்து கூப்பிடற வரைக்கும் அப்படித்தான் போய்க்கிட்டு இருந்தது.

“ஏய் வாலு... நீ மெக்கானிக்கல்தானே? ஐ.எம்.எஸ். பேரிங்னா என்ன?”

“எதுக்குண்ணா?”

“போர்ஷே 911 வாங்கப் போறேன்!”

எனக்கு வந்த தூக்கம் அப்படியே ஓடிப்போச்சு.

அண்ணனைப் பத்தி ரெண்டு வரி சொல்லிடறேன். ஈரோட்டுல அவன் ரூம் சுவத்துல சாமி படத்துக்குப் பக்கத்துலயே 911 போஸ்டர் ஒட்டியிருப்பான். காலேஜ் படிச்சப்போ ஓட்டினது செகண்ட் ஹேண்ட் பல்சர். அமெரிக்கா போய் எம்.எஸ். முடிச்சு, வேலைக்குப் போய், எஜுகேஷன் லோனைக் கடைசி பைசா வரை கட்டி முடிச்சது 2024-ல். அதுக்கப்புறம் சிறுகச் சிறுக சேர்த்தது 36,000 டாலர். இந்தப் பணத்துக்கு பெரியம்மா கையில வேற ஒரு திட்டம் ரெடியா இருந்தது. ஈரோட்டு வீட்டுக்கு மாடி!

“புது கார் இல்லம்மா, பழசு. ஒரு புது டொயோட்டா கேம்ரி என்ன விலையோ, அதே விலைதான்” என்று அண்ணன் சமாதானம் சொல்ல, “அப்போ அந்த கேம்ரியையே வாங்கேன்டா” என்றார் பெரியம்மா. லாஜிக்கா யோசிச்சா பெரியம்மாதான் கரெக்ட்! ஆனா சுவத்துல யாராவது கேம்ரி போஸ்டர் ஒட்டுவாங்களா, சொல்லுங்க?

சரி, மேட்டருக்கு வருவோம். அமெரிக்காவில் 1999 வாக்கில் புதுசா சுமார் 65,000 டாலருக்கு வித்த கார் இது. 2010-களில் 20,000 டாலருக்குக் கீழேயே இறங்கிப்போய், இப்போ மறுபடி ஏறிக்கிட்டு இருக்கு. 300 குதிரைத்திறன், நின்ற இடத்துலேர்ந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 5.2 விநாடி, டாப் ஸ்பீடு 280. இப்படி ஒரு கார் ஏன் அவ்வளவு மலிவாச்சு?

ஆஃபாயில் கண்ணு!

911 என்பது 1963-ல் ஃபிராங்ஃபர்ட் கார் கண்காட்சியில் முதல்முதலா காட்டப்பட்ட கார். இன்ஜின் பின்னாடி இருக்கும், காத்துலயே குளிரும். ரேடியேட்டர் கிடையாது, தண்ணி கிடையாது. முப்பது வருஷத்துக்கு மேல இதுதான் அதோட அடையாளம். ஆனா புகைக் கட்டுப்பாடும் சத்தக் கட்டுப்பாடும் இறுக இறுக, வெறும் காத்தை வெச்சு சமாளிக்க முடியல. 1997-ல் தண்ணீரில் குளிரும் புது 911 வந்தது. கம்பெனிக்குள்ள அதோட நம்பர் 996. அண்ணன் துரத்தினது இதைத்தான்.

ரசிகர்கள் கொதிச்சுட்டாங்க. “காத்துல ஓடின இன்ஜினுக்குத் தண்ணி ஊத்திட்டாங்களே”ன்னு ஒரு கோபம். அதைவிடப் பெரிய கோபம் ஹெட்லைட் மேல! 911-க்கு எப்பவும் வட்டமான கண்ணு. 996-ல் அதை மாத்தி, கீழே ஆரஞ்சு இண்டிகேட்டர் வழியற மாதிரி ஒரு லைட் வெச்சாங்க. அமெரிக்காவுல அதுக்கு வெச்ச பட்டப்பேரை நம்ம பாஷையில சொன்னா... ஆஃபாயில்! போதாக்குறைக்கு, அதே லைட்டும் முன்பக்கமும் விலை குறைஞ்ச தம்பி காரான பாக்ஸ்டரிலும் இருந்தது.

இதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. தொண்ணூறுகளின் ஆரம்பத்துல போர்ஷே கம்பெனியே திவாலாகிற நிலைமை. 1992-ல் தலைமைக்கு வந்த வெண்டலின் வீடேகிங், டொயோட்டாவுல பழகின ஜப்பான் நிபுணர்களைக் கூட்டிட்டு வந்து ஃபேக்டரியை அடியோட மாத்தினார். ரெண்டு காரை ஒரே பாகங்கள்ல செஞ்சா செலவு குறையும் என்பது அந்த நாள் கணக்கு. அது பலிச்சது. 996 மட்டும் சுமார் 1,75,000 வித்துச்சு. கம்பெனியைக் காப்பாத்தின காரையே ரசிகர்கள் திட்டினாங்க என்பது தனி சோகம்!

ஆக, முகம் பிடிக்காததால கொஞ்சம் விலை இறங்குச்சு. மீதியை இறக்கினதுதான் அண்ணன் கேட்ட அந்தப் பேரிங்.

உள்ளங்கைக்குள்ள அடங்கற வில்லன்

இன்ஜினுக்குள்ள கிராங்க் ஷாஃப்ட் சுத்துது. மேல வால்வுகளைத் திறந்து மூடற கேம் ஷாஃப்ட்டும் அதோட தாளத்துக்குச் சரியா சுத்தணும். 996 இன்ஜினில் ரெண்டுக்கும் நடுவுல ஒரு தரகர் இருக்கார். அவர்தான் இன்டர்மீடியட் ஷாஃப்ட், சுருக்கமா ஐ.எம்.எஸ். கிராங்க் செயின் மூலமா இவரைச் சுத்தும், இவர் வேற செயின் மூலமா கேமைச் சுத்துவார். இந்த ஷாஃப்ட்டோட ஒரு முனை, கியர் பாக்ஸ் பக்கம் இருக்கிற முனை, ஒரு சீல் வெச்ச பால் பேரிங் மேல உட்கார்ந்திருக்கு.

சீல் வெச்ச பேரிங் நாம தினமும் பார்க்கிற சமாச்சாரம்தான். சீலிங் ஃபேன்ல இருக்கு, பைக் வீல்ல இருக்கு. உள்ளேயே கிரீஸ் அடைச்சு மூடியிருக்கும், வெளியிலேர்ந்து எண்ணெய் தேவையில்ல. ஆனா இங்கே அந்தப் பேரிங் இருக்கிறது சூடான இன்ஜின் ஆயில் தெறிக்கிற இடத்துல. வருஷக்கணக்குல சீல் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கொடுக்கும். ஆயில் உள்ளே கசிஞ்சு கிரீஸைக் கழுவி விட்டுடும். ஆனா புது ஆயில் தாராளமா உள்ளே வந்து போகவும் சீல் விடாது. கிரீஸும் இல்ல, நல்ல ஆயிலும் இல்ல!

அப்புறம் நடக்கிறது சங்கிலித் தொடர். குண்டு தேயும், ஷாஃப்ட் ஆடும், செயின் ஒரு பல் தாவும், தாளம் தப்பும், திறந்திருக்கிற வால்வு மேல பிஸ்டன் வந்து மோதும். சில நொடி. இன்ஜின் காலி! வேற இன்ஜின் போட ஆகிற செலவு 20,000 டாலரைத் தொடும். இதைப் படிச்ச அன்னைக்குத்தான் பேரிங் சாப்டரை முதல் பக்கத்துலேர்ந்து ஒழுங்கா படிச்சேன். (அந்த யூனிட்ல எனக்கு மார்க் எவ்வளவுன்னு கேட்காதீங்க. ப்ளீஸ்!)

எரிச்சலான விஷயம், இதுக்கு முன்னாடி வந்த காத்துல குளிர்ற 911-களிலும் இந்த ஷாஃப்ட் இருந்தது. ஆனா அது ஆயில் அழுத்தத்துல ஓடற சாதாரண பிளெய்ன் பேரிங். உருளும் குண்டே கிடையாது, பிரச்னையும் கிடையாது. அதே காலத்து 911 டர்போவும் ஜிடி3-யும் ஹான்ஸ் மெட்ஸ்கர் வழிவந்த பழைய வம்சத்து இன்ஜினைத்தான் வெச்சிருந்தன. அதுக்கு இந்த வியாதி இல்ல. அதனாலதான் இன்னைக்கும் அந்த ரெண்டு காரும் எட்டாத விலை.

எல்லா காரும் இப்படி உடைஞ்சதா என்றால், இல்லவே இல்ல. அமெரிக்காவில் கார் சொந்தக்காரர்கள் கூட்டா வழக்குப் போட்டு, 2001 முதல் 2005 வரையிலான மாடல்களுக்காக 2013-ல் சமரசம் ஆச்சு. அந்த வழக்கை ஒட்டிப் பரவலா சொல்லப்படற கணக்கு, ஆரம்பகால ரெட்டை வரிசை பேரிங்கில் 100-க்கு 1, பிறகு வந்த ஒற்றை வரிசையில் 100-க்கு 8. அதாவது 92 பேர் நிம்மதியா ஓட்டிட்டு இருக்காங்க. ஆனா அந்த 8-ல நாம இருந்தா? லோன் கட்டி முடிச்ச கையோட மொத்த சேமிப்பும் போயிடுமே!

நல்ல செய்தியும் உண்டு. கிளட்ச் மாத்தும்போது எப்படியும் கியர் பாக்ஸை இறக்கணும். அப்போ கை எட்டற இடத்துலயே இந்தப் பேரிங் தெரியும். செராமிக் குண்டு வெச்ச புது பேரிங்கோ, ஆயில் வழி கொடுத்த பிளெய்ன் பேரிங்கோ போட்டுக்கலாம். கிளட்ச்சையும் சேர்த்து சில ஆயிரம் டாலர்தான். ஆகவே கேட்கவேண்டிய கேள்வி “இந்த கார் எவ்வளவு ஓடியிருக்கு?” இல்ல. “பேரிங் மாத்தியாச்சா, பில் இருக்கா?”

316 தடவை

அண்ணனுக்கு முதல்ல பிடிச்சது ஒரு சிவப்பு 2003 மாடல். 38,000 மைல்தான் ஓடியிருக்கு. விலை 34,000 டாலர். “ஒரே ஓனர், ஞாயித்துக்கிழமை மட்டும் எடுப்பேன்”னு வித்தவர் சொல்லியிருக்கார். போட்டோல சும்மா தகதகன்னு இருந்தது. அண்ணன் அட்வான்ஸ் கொடுக்கவே கிளம்பிட்டான்!

அங்கே ஒரு நல்ல பழக்கம் இருக்கு. வாங்கறதுக்கு முன்னாடி வேற ஒரு மெக்கானிக்கிட்ட காரைக் கொடுத்து முழுசா செக் பண்ணிடுவாங்க. அண்ணனுக்கு அதுக்கு ஆன செலவு 400 டாலர். “வாங்காத காருக்கு 400 டாலர் தண்டமா?”ன்னு பெரியம்மா தலையில அடிச்சுக்கிட்டார். அந்த மெக்கானிக் காரோட கம்ப்யூட்டர்ல ஸ்கேனரை மாட்டி எடுத்த ரிப்போர்ட்டை அண்ணன் எனக்கு அனுப்பினான். நான் அதை ஹாஸ்டல் மெஸ்ல, சாம்பார் சாதத்துக்கு நடுவுல வெச்சுப் பார்த்தேன்.

இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. இந்த காரோட கம்ப்யூட்டர் ரெண்டு ரகசியத்தை ஞாபகம் வெச்சிருக்கு. ஒண்ணு, இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு. இன்னொண்ணு, இன்ஜின் அளவுக்கு மீறி எத்தனை தடவை சுத்தியிருக்கு, கடைசியா எந்த மணி நேரத்துல.

முதல் ரகசியத்தை வெச்சு மீட்டர் பொய்யான்னு கண்டுபிடிக்கலாம். 38,000 மைல், 1,150 மணி நேரம். வகுத்தா சராசரி 33 மைல் வேகம். நியாயமான கணக்குதான், மீட்டரை யாரும் திருப்பல. பாஸ்!

ரெண்டாவதுலதான் மாட்டினார் ஞாயித்துக்கிழமை ஓனர். மிதமான மீறல், மோசமான மீறல்னு அதுல ரெண்டு வகை இருக்கு. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிச்சாலும் 7,300 ஆர்.பி.எம். வந்ததும் கம்ப்யூட்டர் பெட்ரோலை வெட்டிடும். அதனால கால் வெச்சு அதுக்கு மேல ரொம்ப தூரம் போக முடியாது. போகணும்னா ஒரே வழிதான்... தப்பான கியர்! மூணுலேர்ந்து நாலுக்குப் போறோம்னு நினைச்சு ரெண்டுல போட்டுட்டா, இன்ஜின் சக்கரத்தைச் சுத்தறதுக்குப் பதிலா, சக்கரம் இன்ஜினைச் சுத்தும். கம்ப்யூட்டர் பாவம் என்ன செய்யும்? வேடிக்கை பார்த்து எண்ணி வெச்சுக்கும்.

மோசமான வகையில அந்த சிவப்பு கார்ல இருந்த எண்ணிக்கை 316. அண்ணன் அலறிட்டான், “316 தடவையா தப்பா கியர் போட்டான்?” இல்ல. எண்றது பொறி பறக்கிற எண்ணிக்கையை. ஆறு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுத்துக்கு மூணு தடவை பொறி விடும். 8,000 ஆர்.பி.எம்.னு வெச்சுக்கிட்டா விநாடிக்கு 400. அப்போ 316 என்பது முக்கால் விநாடி சொச்சம். ஒரே ஒரு தப்பு!

ஆனா அது எப்போ நடந்தது என்பதைப் பாருங்க. 1,121-வது மணி நேரம். இப்போ 1,150. அதாவது அந்தத் தப்புக்கு அப்புறம் கார் ஓடினது 29 மணி நேரம்தான். சராசரி வேகத்துல பெருக்கினா ஆயிரம் மைல்கூட இல்ல. கியரைத் தப்பா போட்டாச்சு, ஆயிரம் மைலுக்குள்ள விளம்பரமும் கொடுத்தாச்சு! இன்ஜின் கெட்டுப்போச்சுன்னு இதை வெச்சு யாரும் சொல்ல முடியாது. எதுவுமே ஆகாமலும் இருக்கலாம். ஆனா வால்வு வளைஞ்சிருந்தா, அந்த பில் யார் வீட்டுக்கு வரும்?

“வேணாம்ணா” என்றேன். ஒரு நாள் முழுக்க அண்ணன் என்கிட்ட பேசல. அவனுக்கு அந்த சிவப்பு அவ்வளவு பிடிச்சிருந்தது.

அழகில்லாத மாப்பிள்ளை

ரெண்டு மாசம் கழிச்சு கிடைச்சது ஒரு 2001 மாடல். வெள்ளிக் கலர், ஆஃபாயில் கண்ணு, முன் பம்பர் முழுக்கக் கல் பட்ட புள்ளிகள். 1,04,000 மைல் ஓட்டம். விலை 27,500 டாலர். போட்டோவைப் பார்த்துட்டு நானே “என்னண்ணா இது”ன்னு கேட்டேன். ஆனா கூடவே ஒரு தடி ஃபைல் வந்தது. 71,000 மைல்ல கிளட்ச்சும் ஐ.எம்.எஸ். பேரிங்கும் மாத்தின பில், ஒவ்வொரு ஆயில் சேஞ்ச்சுக்கும் பில், ரேடியேட்டருக்கு முன்னாடி சேர்ற சருகைச் சுத்தம் பண்ணினதுக்குக்கூட ஒரு பில்! ரிப்போர்ட்ல மோசமான மீறல் பூஜ்யம். சிலிண்டர் சுவத்துல கீறல் விழறதும் இந்த இன்ஜின்களுக்கு வரக்கூடிய வியாதி. அதுக்காக மெக்கானிக் குட்டி கேமராவை ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியா உள்ளே விட்டும் பார்த்துட்டார். சுத்தம்.

நிறைய ஓடின கார் எப்படி நல்ல காராகும்னு என் ரூம்மேட் கேட்டா. நிறுத்தியே வெச்ச காரில் ரப்பர் காயும், சீல் வெடிக்கும், ஆயிலில் ஈரம் சேரும், எது கெட்டிருக்குன்னு ஓனருக்கே தெரியாது. லட்சம் மைல் ஓடின கார் உடையவேண்டியதை எல்லாம் ஒருதடவை உடைச்சுக் காட்டியிருக்கும். பில்லோட!

வாங்கிட்டான். மீதி 8,500 டாலரைத் தனி அக்கவுன்ட்ல போட்டு, “இது கார் காசு, தொட மாட்டேன்”னு எனக்கே சத்தியம் பண்ணினான். அந்த சத்தியம் எவ்வளவு புத்திசாலித்தனம்னு சீக்கிரமே தெரிஞ்சது. பின் டயர்ல பட்டன் நல்லாத்தான் இருந்தது. ஆனா பக்கவாட்டில் 3217-ன்னு அச்சு. 2017-ம் வருஷம் 32-வது வாரம் செஞ்சது! ரப்பர் கல்லாயிடுச்சு. முன் டயர் அகலம் 205, பின் டயர் 255. நம்ம ஊர் கார் மாதிரி முன்னதைப் பின்னாடி மாத்திப் போட்டு சமாளிக்கவும் முடியாது. அடுத்து வாட்டர் பம்ப். அதுக்கடுத்து, கூலன்ட் ஊத்தற பிளாஸ்டிக் தொட்டியில் விரிசல். அப்புறம் ஒரு காலையில ஸ்டார்ட் பண்ணினதும் பின்னாடி வெள்ளைப் புகை மண்டலம்! பதறிப்போய் அண்ணன் வீடியோ கால் போட்டான். இன்ஜின் போயிடுச்சுன்னு நானும் நடுங்கிட்டேன். கடைசியில ஆயில் ஆவியைப் பிரிக்கிற ஒரு பிளாஸ்டிக் டப்பாதான் கிழிஞ்சிருந்தது. பத்து மாசத்துல மொத்தம் 5,200 டாலர் காலி. சிவப்பு காரை வாங்கியிருந்தா கையில் மிச்சம் இருந்திருக்கிறது வெறும் 2,000.

இன்ஷூரன்ஸ் பத்திக் கேட்காதீங்க. 25 வயசு தாண்டினதால ஏதோ தப்பிச்சான்.

“ஓட்ட எப்படிண்ணா இருக்கு?”ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பதிலே இல்ல. “4,000 ஆர்.பி.எம். வரைக்கும் அது சாதாரண கார். அதுக்கப்புறம் முதுகுக்குப் பின்னாடி ஒரு சத்தம் வரும் பாரு... அதை போன்ல சொல்ல முடியாது” என்றான். இன்ஜின் பின் சக்கரத்துக்கும் பின்னாடி தொங்கறதால, வளைவுல வேகமா போய் பயத்துல சட்டுனு காலை எடுத்தா வால் சுத்திக்கிட்டு முன்னாடி வரப் பார்க்குமாம். அதுக்காக ஒரு சனிக்கிழமை காசு கட்டி, காலி மைதானத்துல கோன் வெச்சு ஓட்டிப் பழகிட்டு வந்தான். ரோட்டுல கத்துக்கற விஷயமில்ல அது.

“ஊருக்கு வரும்போது எடுத்துட்டு வந்துடுடா”ன்னு பெரியம்மா இப்போ கேட்க ஆரம்பிச்சிருக்கார். மனசு மாறிடுச்சு! ஆனா மூணு வருஷத்துக்கு மேல பழசான காரையும், இடதுபக்கம் ஸ்டியரிங் இருக்கிற காரையும் இந்தியாவுக்குள்ள செகண்ட் ஹேண்டா இறக்க விதி இடம் கொடுக்காது.

ஒவ்வொரு 5,000 மைலுக்கும் அண்ணன் ஆயில் மாத்தறான். மாத்தினதும் பழைய ஃபில்டரை வெட்டி, மடிப்பு மடிப்பா இருக்கிற காகிதத்தை விரிச்சு, டார்ச் அடிச்சு எனக்கு வீடியோ அனுப்பணும் என்பது எங்க ஒப்பந்தம். பேரிங் தேய ஆரம்பிச்சா இரும்புத் துகள் அங்கேதான் முதல்ல மினுக்கும். போன ஞாயித்துக்கிழமை வந்த வீடியோவை நான் மூணு தடவை ஓட்டிப் பார்த்தேன். கறுப்பா இருந்தது. எதுவும் மினுக்கல.

அடுத்த நிமிஷமே ஒரு போட்டோவும் வந்தது. 911-க்குப் பின் சீட்டுன்னு பேருக்கு ரெண்டு இருக்கும், ஆள் உட்கார முடியாது. அதுல ஒண்ணுல இண்டியன் ஸ்டோர்ல வாங்கின பொன்னி அரிசி மூட்டை. சீட் பெல்ட் போட்டு!